மடை மாத்தத் தெரியாத மாப்ளைக்கு

வா மாப்ளே. செருப்பை அக்கட்டால உட்டுட்டு இந்தக் கட்டல்ல உக்காரு. லேப்டாப்பைக் கீழ வெக்காதே, ஆட்டுக்குட்டி ஒண்ணு சுத்தீட்டிருக்குது. போன வாரம் என்ற கண்ணாடிக் கூட்டைத் தின்னுபோட்டு ஒண்ணுந்தெரியாததாட்ட நின்னுது. மோரு குடிக்கறயா? குடி. மூஞ்சியைப் பாத்தா மூணு நாளாத் தூங்காத மூஞ்சியாட்ட இருக்குது.

உங்கம்மா போன்ல அழுதா. ‘அண்ணா, பையன் டிரைவர் எழுதறான், எதோ பேட்ச்சு ஒட்டமாட்டேங்குதாம், ரெண்டு வாரமாச் சரியாச் சோறு திங்கறதில்லை, நீ ஒருக்கா என்னன்னு கேளு’ன்னா. அவ இந்த ‘டிரைவர்’ங்கற வார்த்தையை ஊருக்குள்ள சொல்லிச் சொல்லி, பால் சொசைட்டிச் செயலாளர் என்னை நிறுத்தி, ‘உங்க மாப்ள லாரி ஓட்டறாருங்ளா, பஸ்ஸுங்ளா?’ன்னு கேட்டாரு. ‘ரெண்டும் இல்லீங்க, நெட்வொர்க் கார்டு ஓட்டறான்’னேன். ‘அது எந்த ரூட்டுங்க?’ன்னாரு. என்னத்தைச் சொல்றது? பெங்களூர் ரூட்டுன்னு சொல்லி அனுப்பிச்சேன்.

சிரிக்காதே. நானும் இருபத்திரண்டு வருசம் அதே ரூட்டுல போயிட்டு வந்தவன்தான். இப்ப மஞ்சக்காட்டுல மம்முட்டி புடிக்கறேன். புடிக்கற சாமான்தான் மாறிச்சு, தண்ணி எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கற சோலி மாறலை.

சரி, பேட்ச்சையெல்லாம் வரிசையா எழுதி வெச்சிருக்கற உன்ற சீரீஸ் ஃபைலைக் காட்டு.

அடேங்கப்பா. முப்பத்தேழு பேட்ச்சு. அதுல பிளஸ்ஸும் மைனஸ்ஸுமா தொங்கற காவலைக் கூட்டிப் பாத்தா பதினோரு பேரு. மாப்ளே, நம்ம அய்யனார் கோயில்லகூட இத்தனை காவலுக்கு ஆளு கெடையாது.

பேட்ச்சுன்னா என்னன்னு உனக்கு நான் பாடம் எடுக்க வரலை. ஆனாலும் தாய்மாமன் வாயி, சொல்லாம நிக்காது. ரெண்டு ஃபைலுக்கு நடுவுல இருக்கற வித்தியாசத்தை மட்டும் எழுதி அனுப்பிச்சா, வாங்கறவன் அதைத் தன்ற ஃபைல் மேல ஒட்டிக்கலாம். லாரி வால் 1985ல பேட்ச்ங்கற புரோகிராமை எழுதினப்ப இருந்த எண்ணம் அம்புட்டுத்தான். கிழிஞ்ச அங்கராக்குக்கு ஒட்டுப் போடற கணக்கு. அப்பறம் லினக்ஸ் கெர்னல் பெருசாச்சு. ஆண்ட்ரூ மார்ட்டன் கையில நூத்துக்கணக்குல ஒட்டு சேந்துபோச்சு. அத்தனையும் வரிசையா அடுக்கி, மேல இருக்கறதை எடுக்கவும் வெக்கவும் அவரு சில ஸ்கிரிப்ட் எழுதி வெச்சிருந்தாரு. அதை வெச்சு ஆண்ட்ரியாஸ் குரூன்பாகர் ‘குயில்ட்’ங்கற கருவியைக் கட்டுனாரு. குயில்ட்டுன்னா நம்ம ஆத்தா தெச்ச துணிப் போர்வை மாப்ளே, ஒட்டுத்துணியாப் பொறுக்கி ஒண்ணாச் சேத்துத் தெச்சது. பேரு வெச்ச ஆளுக்கு ஊட்டுல ஒரு ஆத்தா இருந்திருக்கோணும்.

2005 ஏப்ரல்ல என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியும். கெர்னல்காரங்க சும்மா ஓட்டீட்டிருந்த பிட்கீப்பர், இனி சும்மா கெடையாதுன்னுட்டுது. லினஸ் டோர்வால்ட்ஸ் தானே உக்காந்து கிட் எழுதினாரு. அதே மாசம் மேக்கால்ங்கறவங்க மெர்க்கூரியல் எழுதினாங்க. மெர்க்கூரின்னா பாதரசம், அதனாலதான் கமாண்டு ‘ஹெச்ஜி’ன்னு ரெண்டே எழுத்து. அதே வருசம் கிரிஸ் மேசன் குயில்ட்டோட வேலையை மெர்க்கூரியலுக்குள்ளயே கொண்டாந்து, ‘மெர்க்கூரியல் கியூஸ்’னு பேரு வெச்சாரு. உன்ற கம்பெனி அதை இன்னும் விடாம வெச்சிருக்குதுன்னா, ஒண்ணு அவங்களுக்கு நெம்ப நன்றி இருக்கோணும், இல்லீன்னா மாத்தறதுக்குப் பயம் இருக்கோணும். ரெண்டாவதுதான்னு நெனைக்கறேன்.

இப்ப சங்கதிக்கு வா. உன்ற சீரீஸ் ஃபைல்ல ஒரு நாலு வரியை மட்டும் இந்த நோட்டுல எழுதறேன் பாரு:

சுத்தம்.பேட்ச்
வேகம்.பேட்ச்
இன்ட்டரப்ட்.பேட்ச் #+பழசு
புதுக்கணக்கு.பேட்ச் #-பழசு

பேருக்குப் பின்னால # போட்டு நிக்கறதுதான் காவல். மொத ரெண்டுக்கும் காவல் இல்லை, எப்பவும் ஏறும். மூணாவது, ‘பழசு’ன்னு நீ தேர்ந்தெடுத்தாத்தான் ஏறும். நாலாவது, ‘பழசு’ன்னு தேர்ந்தெடுத்தா ஏறாது. ஒரே பேட்ச்ல பிளஸ்ஸும் இருந்து மைனஸ்ஸும் இருந்து ரெண்டும் பொருந்துனா மைனஸ் ஜெயிக்கும். வேண்டாங்கற சம்மந்தி ஒருத்தரு போதும் கல்யாணம் நிக்க, அந்த மாதிரி. ஒண்ணையுமே தேர்ந்தெடுக்காம உட்டா பிளஸ் போட்டதெல்லாம் வெளிய, மைனஸ் போட்டதெல்லாம் உள்ள. காவலை மாட்டறதுக்கு கியூகார்டு, எந்தக் காவல் இன்னைக்கு நடப்புன்னு சொல்றதுக்கு கியூசெலக்ட். மைனஸ் காவல் மாட்டறப்ப முன்னால ரெண்டு கோடு தனியாப் போடோணும், இல்லீன்னா அது எதோ ஆப்ஷன்னு நெனச்சுக்கிட்டு உன்னைத் திட்டும்.

இதுல என்ன அதிசயம்? நம்ம கீழ்பவானி வாய்க்கால் இதைத்தானே பண்ணுது? மொத்தம் 2,07,000 ஏக்கர் பாசனம். தண்ணி அத்தனைக்கும் ஒரே சமயத்துல பத்தாது. அதனால ஒரு பருவத்துக்கு ஒத்தைப்படை மதகுக்காரன் 1,03,500 ஏக்கருக்கு, அடுத்த பருவத்துக்கு எரட்டைப்படை மதகுக்காரனுக்கு. மதகு அப்படியே இருக்குது, காடு அப்படியே இருக்குது, அரசாணையில ‘ஒத்தை’யா ‘எரட்டை’யான்னு ஒரு வார்த்தை மாறுது, அம்புட்டுத்தான். அது நீர்வளத்துறையோட கியூசெலக்ட்டு.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்குது மாப்ளே. மொறை மாறுனா அங்க லஸ்கர் வந்து பழைய மதகை அடைச்சுட்டுத்தான் புதுசைத் தெறப்பாரு. உன்ற கியூசெலக்ட் அடைக்காது. நீ பாட்டுக்கு ‘பழசு’ங்கற காவலை எடுத்துட்டு ‘புதுசு’ன்னு சொல்லுவே. ஏற்கெனவே ஏத்தி வெச்சிருந்த இன்ட்டரப்ட் பேட்ச் அப்படியே மேல உக்காந்திருக்கும். காவல் மாறிப்போச்சுன்னு ஒரு வரி, எத்தனை பேட்ச்சு காவலுக்கு மாறா ஏறியிருக்குதுங்கற எண்ணிக்கையை, மொணமொணன்னு சொல்லும். சொல்லீட்டு சும்மா இருந்துக்கும். நீ அதைப் படிக்காம பில்டு போட்டு, டெஸ்ட் ஓட்டி, ‘புதுசுலயும் ஓடுது சார்’னு மேனேஜருக்கு மெயில் போட்டே பாரு, அந்த மெயில் நேத்து எனக்குக் காட்டுனயே, அதைப் பாத்தப்பவே எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நீ ஓட்டிப் பாத்தது பழசைத்தான்.

‘அப்ப என்ன பண்றதுங் மாமா?’ங்கறே. கியூசெலக்ட்டுக்குப் பின்னாடி --பாப் போடு, பொருந்தாத பேட்ச் வரைக்கும் எறக்கிரும். --ரீஅப்ளை போட்டா எறக்கிட்டுப் பொருந்தறதை மட்டும் மறுபடி ஏத்தும். என்னைக் கேட்டா அந்தச் சாமர்த்தியமெல்லாம் வேண்டாம். டெஸ்ட்டுக்குன்னு உக்காந்தா கியூபாப் -ஏ போட்டு எல்லாத்தையும் எறக்கி, கட்டாந்தரையாக்கிட்டு, அப்பறம் காவலைச் சொல்லி, அப்பறம் எல்லாத்தையும் ஏத்து. ஏத்துனப்பறம் கியூசீரீஸ் -வி போட்டுக் கண்ணால பாரு. ஏறுனதுக்கு ஏ, ஏறாததுக்கு யூ, காவல் தடுத்ததுக்கு ஜி. ஜி எங்க நிக்குதுன்னு பாக்காம பில்டு போடறவன், மதகைப் பாக்காம நாத்து நடறவன்.

இந்த ‘பழசு’ங்கற பேரு ஆரு வெச்சது? நீயா? ‘2.6.18’ன்னுகூட ஒரு காவல் வெச்சிருக்கறயே. அதுல ஒரு வெனை இருக்குது, சொல்றேன் கேளு. இது நான் பட்டது.

லினக்ஸ் 2.6.18 வரைக்கும் இன்ட்டரப்ட் ஹேண்ட்லருக்கு மூணு ஆர்கியுமென்ட். 2.6.19ல மூணாவதைத் தூக்கி வீசீட்டாங்க, ரெண்டுதான். அதுக்கு அடுத்தாப்பல 2.6.20ல வொர்க் கியூவுக்கான இனிட் வொர்க் மேக்ரோவுலயும் மூணு ரெண்டாச்சு. கெர்னல்காரங்களுக்கு இது ஒரு பொழுதுபோக்கு. அவிய வெளிய இருக்கற டிரைவரைப் பத்திக் கவலையே படமாட்டாங்க. கெர்னலுக்குள்ள இருந்தா அவங்களே திருத்திக் குடுப்பாங்க, வெளிய இருந்தா உன்ற பாடு. கஸ்டமர் என்ன பண்ணுவான்? 2007ல வந்த ரெட் ஹேட் 5ஐப் போட்டுக்கிட்டு, அதுல இருக்கற 2.6.18ஐ விட்டு நகரமாட்டேம்பான். அதுக்குப் பத்து வருசம் ஆதரவு இருந்துச்சு, 2017 வரைக்கும். அப்ப உன்ற டிரைவர் மேல புதுசாவும் இருக்கோணும், கீழ பழசுலயும் ஓடோணும். டிரைவருக்குள்ளயே இஃப்டெஃப் போட்டு நெரப்பலாம். ஆனா அதைக் கெர்னலுக்குள்ள சேக்கச் சொல்லி அனுப்பிச்சா மூஞ்சில விட்டெறிவாங்க. அதனால டிரைவர் புதுசு மாதிரியே சுத்தமா இருக்கட்டும், பழசுக்கு வேண்டியதெல்லாம் தனி ஒட்டா, காவல் போட்டு வெச்சுக்கலாம்னு வந்தோம். அந்த ரோசனை சரிதான். இன்னைக்கும் சரின்னுதான் சொல்லுவேன்.

வெனை எங்கன்னா பேருல. ரெட் ஹேட்காரங்க 2.6.18னு பேரை மட்டும் வெச்சுக்கிட்டு, புதுக் கெர்னல்ல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து அதுக்குள்ள சொருகீட்டே இருந்தாங்க. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கொஞ்சங் கொஞ்சமா. பேரு தாத்தா, வயசு பேரன். நீ ‘2.6.18’ன்னு காவல் வெச்சா எந்த 2.6.18ஐச் சொல்றே? ரெட் ஹேட்காரங்களே இதுக்குன்னு தனியா ஒரு ரிலீஸ் மேக்ரோ குடுத்திருக்காங்கன்னா ரோசிச்சுக்கோ. அதனால நம்பரை வெக்காதே. என்ன மாறிச்சோ அதைப் பேரா வை. ‘இன்ட்டரப்ட்-மூணு’, ‘வொர்க்-மூணு’. படிக்கறவனுக்கு எதுக்குன்னு தெரியும், உனக்கும் ஆறு மாசம் கழிச்சு ஞாபகம் இருக்கும். நம்மூர்ல ‘பெரியவர் காடு’ன்னா எந்தப் பெரியவர்னு கேக்கோணும், ‘வேலமரத்துக்காடு’ன்னா நேராப் போயிரலாம்.

இரு, தண்ணி குடிச்சுக்கறேன்.

இப்ப நான் பண்ணுன கோமாளித்தனத்தைச் சொல்றேன். கம்பெனி பேரு வேண்டாம், அவங்க இன்னும் என்னைப் பென்சன்காரனாட்ட நெனச்சு தீபாவளிக்கு இனிப்பு அனுப்பறாங்க. 2009னு நெனைக்கறேன். டிரைவர்ல ஒரு தப்புப் பாதை. பாக்கெட் அனுப்பறப்ப மெமரி கெடைக்கலைன்னா ஸ்பின் லாக்கை அவுக்காமலே திரும்பிரும். மிசினு அப்படியே நின்னுபோகும். மூணு வரித் திருத்தம். நான் ஜம்முன்னு ஃபைலைத் தெறந்து, அன்லாக்கைப் போட்டு, கியூரெஃப்ரெஷ் அடிச்சு, டெஸ்ட் மிசின்ல ஓட்டி, நல்லா ஓடுதுன்னு அனுப்பிச்சுட்டு ஊட்டுக்குப் போயிட்டேன்.

அப்ப வரிசையில மேல நின்ன பேட்ச் எதுங்கறே? இன்ட்டரப்ட் பேட்ச். காவல் போட்டது. கியூரெஃப்ரெஷ் என்ன பண்ணும்? நீ பண்ணுன மாத்தத்தையெல்லாம் மேல நிக்கற பேட்ச்சுக்குள்ள தள்ளும். அன்லாக் மூணு வரியும் போயி பழசுக்கான ஒட்டுக்குள்ள படுத்துக்கிச்சு. எங்க டெஸ்ட் மிசின் எப்பவும் ரெட் ஹேட் 5, காவல் எப்பவும் போட்டே இருக்கும். அங்க நல்லா ஓடும். புதுக் கெர்னல் வெச்சிருந்த கஸ்டமருக்கு அந்தப் பேட்ச்சே போகாது, திருத்தமும் போகாது. அவன் மிசின் மறுபடி நின்னுச்சு. ‘திருத்தியாச்சு’ன்னு நான் சாதிக்கறேன், ‘நிக்குதே’ன்னு அவன் கத்தறான். ஆறு நாளு மாப்ளே. ஆறாவது நாளு ராத்திரி, எதோ வேகத்துல அந்தப் பேட்ச் ஃபைலையே தெறந்து படிக்கறேன். இன்ட்டரப்ட் ஹேண்ட்லரை மாத்தற பேட்ச்ல, சம்மந்தமே இல்லாம, பாக்கெட் அனுப்பற ஃபங்ஷன்ல மூணு வரி. ஓரத்துல மூணு பிளஸ் குறி. கல்யாண ஊட்டுல நம்ம சொக்காயைப் போட்டுக்கிட்டு வேற ஆரோ பந்தியில உக்காந்திருக்கற மாதிரி இருந்துச்சு.

அதுக்கப்பறம் எனக்கு ஒரு பழக்கம். கையை வெக்கறதுக்கு முன்னால கியூடாப் போட்டு, மேல ஆரு நிக்கறாங்கன்னு பாக்கறது. காவல் போட்டவன் நின்னா எறக்கிட்டு, எந்தப் பேட்ச்சுக்குச் சேரோணுமோ அதுக்குப் போயித் திருத்தறது. அவசரம்னா கியூநியூ போட்டுப் புதுப் பேட்ச்சா எடுத்துக்கறது, பொறவு சேத்துக்கலாம். உன்ற ஃபைல்ல எத்தனை திருத்தம் இப்பிடி அடுத்தவன் ஊட்டுல தங்கியிருக்குதோ, ஆரு கண்டா? முப்பத்தேழையும் தெறந்து படி. ஒரு நாளு ஆகும். உங்கம்மா சுட்டுக் குடுக்கற பலகாரத்தைத் தின்னுக்கிட்டே படிக்கலாம்.

அடுத்தது வரிசை. நீ காவல் போட்ட பேட்ச்சை நடுவுல நடுவுலயாச் சொருகி வெச்சிருக்கறே. அது ஏறறப்ப ஃபைல் ஒரு மாதிரி இருக்கும், ஏறாதப்ப வேற மாதிரி இருக்கும். அதுக்கு மேல வர்ற பேட்ச் எந்த மாதிரிய நம்பி எழுதினது? நீ எழுதறப்ப எந்தக் காவல் இருந்துச்சோ அதை நம்பி. காவல் மாறுனா சுத்தியிருக்கற வரி பொருந்தாது, .ரெஜ் ஃபைலைத் துப்பீட்டு நின்னுக்கும். அப்படி நின்னா நல்லதுன்னுதான் சொல்லுவேன். நிக்காம ஒட்டிக்கிச்சுன்னா? சுத்தியிருக்கற மூணு வரியில ரெண்டு வரி வரைக்கும் பொருந்தலைன்னாலும் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டு ஒட்டற தாராள மனசு பேட்ச்சுக்கு உண்டு, அதுக்கு ஃபஸ்னு பேரு. உன்ற டிரைவர்ல அனுப்பறதும் வாங்கறதும் அண்ணன் தம்பியாட்ட ஒரே மாதிரி எழுதின ஃபங்ஷன். அண்ணனுக்குப் போட வேண்டிய ஒட்டைத் தம்பிக்குப் போட்டுட்டு ‘வெற்றி’ன்னு சொல்லும். ‘ஃபஸ் 2’ன்னு ஒரு வரி பாத்தா அந்த எடத்தைத் தெறந்து பாக்காம நகராதே.

அதனால நம்ம வாய்க்கால்ல எது பாவமோ, இங்க அதுதான் புண்ணியம். காவல் போட்டதையெல்லாம் கடைமடைக்குத் தள்ளு. எல்லாருக்கும் வேண்டிய பேட்ச் தலைமடையில இருக்கட்டும். அதுலயும் மேல கெர்னல்காரங்க ஒத்துக்கிட்டது மொதல்ல, இன்னும் பேச்சுவார்த்தையில இருக்கறது அடுத்து, பழசுக்கான ஒட்டெல்லாம் கடைசி. கடைமடையில ஒருத்தனுக்குத் தண்ணி போகலைன்னா இன்னொருத்தன் காடு காயாது.

‘மாமா, அப்ப எல்லாக் காவலையும் டெஸ்ட் பண்ணீட்டாப் போச்சுங்களே’ங்கறே. கணக்குப் போடு. பதினோரு காவல், ஒவ்வொண்ணும் இருக்கலாம், இல்லாமப் போகலாம். 2048 விதம். ஒரு பில்டுக்கும் டெஸ்ட்டுக்கும் இருபது நிமிசம்னாலும், ராப்பகலா ஓட்டுனா இருபத்தெட்டு நாளு. அதுக்குள்ள நான் ஒரு அறுப்பு முடிச்சிருவேன்.

உன்ற கஸ்டமரு எத்தனை விதமாப் போட்டிருக்கான்? மூணா? அஞ்சா? நாலா, சரி. அந்த நாலையும் ஒரு ஃபைல்ல நாலு வரியா எழுது, வரிக்கு ஒரு காவல் கூட்டம். அஞ்சாவதா ஒரு வெறும் வரி, ஒரு காவலும் இல்லாம. அந்த வெறும் வரியை ஆருமே ஓட்டறதில்லை, ஆனா புதுசா வர்றவன் மொதல்ல தொடறது அதைத்தான். ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அந்த ஃபைலை வரி வரியாப் படிச்சு எல்லாத்தையும் எறக்கு, காவலைச் சொல்லு, ஏத்து, பில்டு, டெஸ்ட். அஞ்சு தடவை, நூறு நிமிசம், ராத்திரி தூங்கறப்ப ஓடிரும். அந்த ஃபைல்ல இல்லாத கூட்டணி எதுவும் நம்ம பொறுப்பு இல்லைன்னு மேனேஜர்கிட்டச் சொல்லீரு. அவரு மொறைப்பாரு, மொறைக்கட்டும்.

இன்னொண்ணு, இதை ஆரும் பண்றதில்லை. ஒவ்வொரு காவல் பேட்ச்சுக்கும், அது இல்லாம ஓட்டி, கெட்டுப்போகுதான்னு பாரு. கெடோணும். கெடலைன்னா அந்தப் பேட்ச் எதுக்கு? ஒருவேளை ரெட் ஹேட்காரங்க போன அப்டேட்டுல அதைச் சரி பண்ணீட்டாங்களோ என்னமோ. வைத்தியர் நிறுத்தச் சொல்லியும் எங்கப்பன் எட்டு வருசம் ஒரு மாத்திரையைத் தின்னுக்கிட்டிருந்தாரு, டப்பாவுல இருக்குதேன்னு. உன்ற சீரீஸ் ஃபைலும் அந்த டப்பாதான்.

எங்கியாச்சும் கெட்டுப்போனா முப்பத்தேழுல எதுன்னு தேடாதே, பாதி ஏத்திப் பாரு, நல்லாயிருந்தா மேல, கெட்டிருந்தா கீழ, மறுபடி பாதி. ஆறு தடவையில ஆளு கெடைச்சிருவான். ஆனா ஒரு காவலுக்குக் கண்டுபிடிச்சது இன்னொரு காவலுக்குப் பொருந்தோணும்னு இல்லை, அங்க வரிசையே வேற.

கடைசியா ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். இந்தப் பேட்ச்சையெல்லாம் எங்க வெச்சிருக்கறே? .ஹெச்ஜி/பேட்ச்சஸ் டைரக்டரியில, அது தெரியும். அதுக்கு ஒரு ரிப்பாசிட்டரி போட்டிருக்கறயா? ... ஏண்டா முழிக்கறே? கியூரெஃப்ரெஷ் அடிக்கறப்பல்லாம் பழைய பேட்ச் மேல புதுசு எழுதிக்கும். நேத்து எப்படி இருந்துச்சுன்னு கேட்டா அதுக்குத் தெரியாது. மாத்தத்தையெல்லாம் பாதுகாக்கறதுக்குன்னு ஒரு சாமானை வெச்சுக்கிட்டு, அதுக்குள்ளயே மாத்தம் பாதுகாப்பில்லாத ஒரு பொந்தைத் தேடிப் புடிச்சு, அதுல உன்ற ரெண்டு வருசப் பொழப்பை வெச்சிருக்கறே. இனிட் --எம்கியூன்னு ஒரு தடவை அடி. பேட்ச்சுக்குன்னு தனி ரிப்பாசிட்டரி வந்துரும், கமிட் --எம்கியூ போட்டுக்கிட்டே வா.

அதுலயும் ஒரு சூட்சுமம். சீரீஸ் ஃபைல் கமிட் ஆகும், அதுல இருக்கற பிளஸ் மைனஸும் போகும். ஆனா நீ இன்னைக்கு எந்தக் காவலைத் தேர்ந்தெடுத்திருக்கறேங்கறது கார்ட்ஸ்ங்கற ஃபைல்ல இருக்கும், அதைக் கண்டுக்காதேன்னு அதுவே எழுதி வெச்சிரும். உன்ற பக்கத்துச் சீட்டுப் புள்ளை அதை எடுத்துப் போட்டா அவளுக்குக் காவல் எதுவும் இருக்காது. பிளஸ் போட்டது ஒண்ணும் ஏறாது. ‘எனக்கு ஓடலை’ம்பா, ‘எனக்கு ஓடுதே’ம்பே. போன மாசம் அவளோட நீ சண்டை போட்டது இதுக்காத்தான் இருக்கும். போயி மன்னிப்புக் கேளு. கேட்டுட்டு அந்த அஞ்சு வரி ஃபைலைக் காட்டு. அந்த ஃபைலையும் சேத்துக் கமிட் பண்ணீரு.

இதெல்லாம் மெர்க்கூரியலுக்கு மட்டும்னு நெனைக்காதே. டெபியன் பேக்கேஜைத் தெறந்து பாரு, பேட்ச்சஸ் டைரக்டரிக்குள்ள சீரீஸ் ஃபைல் சம்மணம் போட்டு உக்காந்திருக்கும். சூசேக்காரங்க கெர்னல் கட்டறதுலயும் இதே பிளஸ், இதே மைனஸ். மாட்டைப் புதுசா வாங்கலாம், கட்டுத்தரை அதேதான்.

சரி, பொழுது எறங்கிருச்சு, நான் போயி மடை மாத்தோணும். கீழ்க்காட்டுல தண்ணி நெறைஞ்சிருக்கும். நீ ஒண்ணும் உதவிக்கு வர வேண்டாம், போன தடவை வந்து வரப்பை ஒடச்சது போதும்.

நான் கேக்கறது இத்தனைதான் மாப்ளே. அந்தப் பதினோரு காவல்ல நீ கையால ஓட்டிப் பாத்தது மூணுதான்னு உன்ற மூஞ்சியே சொல்லுது. மீதி எட்டை வெள்ளிக்கெழமைக்குள்ள ஒருக்கா ஓட்டிப் பாரு. ஓடாததையும், எதுக்குன்னு தெரியாததையும் எடுத்துரு. மேனேஜருக்குப் போட்ட அந்த மெயிலுக்கு, ‘நான் ஓட்டிப் பாத்தது பழசைத்தான் சார்’னு இன்னைக்கு ராத்திரியே ஒரு பதில் போட்டுரு. உங்கம்மாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை.